லிஃப்ட் நின்ற செவ்வாய்க்கிழமை

ஏறுவதற்குக் காசு கேட்கும் லிஃப்டுகள் இன்னும் இருக்கின்றன
திபிலிசியின் மேட்டுப் பக்கக் குடியிருப்புகளில்.
இருபது தெத்ரி போட்டால் முனகிக்கொண்டு கிளம்பும்.
அந்தப் பெட்டிகளைத் திறந்து காசை அள்ளுவது என் வேலை.
பெயர் நுக்சார். பையில் நாற்பத்தாறு சாவிகள்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கோட்டைக்குப் போவார்கள்,
கந்தகக் குளியலுக்குப் போவார்கள்.
எங்கள் பக்கம் ஒருவர் வந்தால்
வழி தவறியிருக்கிறார் என்று அர்த்தம்.
"இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று
ஒரு போலந்துக்காரன் கேட்டான், கழுத்தில் கேமராவோடு.
ஒன்றுமில்லை என்றேன். பஸ் எண்ணைச் சொன்னேன்.
பொய் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

பதினொரு வருடம்.
தரைத் தளத்தில் லிஃப்டை நிறுத்திப் பெட்டியைத் திறப்பேன்:
காசு, சட்டைப் பித்தான், துருக்கி நாணயம்,
ஒருமுறை ஒரு பால்பல்.
காசு தானே கீழே வந்துவிடுகிறது,
நான் எதற்கு மேலே போக?

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
மூன்றாம் பிளாக்கின் லிஃப்ட் பதினான்காம் மாடியில்
கதவை விரியத் திறந்துகொண்டு நின்றுவிட்டது.
மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வருவானாம்.
கணக்கு புதன்கிழமை.
ஏறினேன்.

இரண்டாம் மாடி வரை என்னையே திட்டிக்கொண்டு.
மூன்றில் ஒரு பூட்டில்லாத அலமாரி;
புளிப்புப் பிளம் குழம்பு ஜாடி ஜாடியாக,
மூடியில் வருடம் எழுதி.
ஒரு ஜாடியில் மட்டும் வருடத்துக்குப் பதில்
"பத்ரியின் கல்யாணத்துக்கு" என்றிருந்தது.
அதன் மேல் தூசி சற்று அதிகம்.

ஐந்தில் கடல்.
சத்தியமாகக் கடல். சுவர் முழுக்க,
குளியலறைக்கு அடிக்கிற மட்டமான நீலப் பெயின்டில்.
சுகுமியிலிருந்து சண்டையில் ஓடிவந்த குடும்பமாம்,
பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
தொடுவானத்தைக் குழந்தையின் கண்ணளவில் வரைந்திருந்தார்கள்.
குனிந்தால்தான் தூரத்துப் படகு தெரிந்தது.
குனிந்தேன். மூச்சு வாங்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறு, ஏழு, எட்டு: கதவுகள், முட்டைக்கோஸ் வாசனை,
என்னை நம்பாத ஒரு நாய்.

ஒன்பதில் பியானோ.
எட்டுப் பேர் தூக்கி வந்தார்களாம்,
வீட்டு வாசலில் அரைச் சாண் இடித்துவிட்டதாம்,
அன்றிலிருந்து வெளியிலேயே குடியிருக்கிறது.
லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள்
ஆளுக்கொரு கட்டையைத் தட்டிவிட்டுப் போவதால்
நடுவில் ஐந்தாறு மட்டும் பளபளத்தன.
நான் ஓரத்தில் ஒன்றைத் தொட்டேன்.
கனத்த, தூக்கத்தில் எழுப்பிய குரல்.
ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ
"யாரது, புதுசா?" என்றார்கள்.

பதினான்கில் லிஃப்டைத் தாண்டினால் பாலம்.
பக்கத்து பிளாக்குக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று,
அதன் முடிவில், நம்புங்கள், தெரு.
தார்ச் சாலை, பஸ் நிறுத்தம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்.
மலைச்சரிவு ஊர் இது; எங்கள் உச்சி
மேல்தெருக்காரனுக்கு வாசல்படி.
இத்தனை வருடம் நான் எண்ணிய காசில் பாதி
வீட்டுக்குப் போனவர்களுடையதே அல்ல,
மலை ஏறியவர்களுடையது.

பாலத்தின் நடுவில், காற்றுக்கு முதுகைக் காட்டி,
எதெரி என்று ஒருத்தி
கண்ணாடி டம்ளரில் அளந்து சூரியகாந்தி விதை விற்கிறாள்.
இரண்டு நாளாய் வியாபாரம் படுத்துவிட்டது என்று
என்னிடம் சண்டைக்கு வந்தாள்,
லிஃப்டை நான்தான் நிறுத்தி வைத்ததுபோல.
ஒரு டம்ளர் வாங்கினேன்.
கொறித்து முடிக்கும்வரை நின்றேன்.
காசை அள்ள வந்ததே மறந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சரிசெய்துவிட்டார்கள்.
அடுத்த செவ்வாய், எண்ணி முடித்த பிறகு,
இலவசமாய் ஏற்றும் சாவி பையில் இருக்க,
சொந்தக் காசு இருபது போட்டு ஒன்பதை அழுத்தினேன்.
அந்த ஓரத்துக் கட்டை. பிறகு இன்னொரு இருபது, மேலே.

மறு வாரம் அந்த இரண்டு காசும்
என் கைக்கே திரும்பி வந்திருக்கும்.
எவை என்று அடையாளம் தெரியவில்லை.
எல்லாவற்றையும் எண்ணினேன்,
ஒவ்வொன்றும் எந்த மாடிக்குப் போயிருக்கும் என்று யோசித்தபடி.
நேரமாகிவிட்டது.