ஆணி அடிக்கலாம்

பதினொரு வருஷத்தில் நாலு வாடகை வீடு.
நாலிலும் ஒரே சட்டம்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கலண்டரைக்கூட
யன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டோம்.
காற்று வந்தால்
ஆடிக்குள்ளேயே தை தெரியும்.

உவர்மலைச் சரிவில் இந்த வீடு
முக்கால்வாசி வங்கிக்கும்
மிச்சம் எங்களுக்குமாய்க் கிடைத்த அன்று
பால் பொங்கின கையோடு
சுத்தியலைத் தூக்கினேன்.
மூன்றாம் அடியில்
ஆணியோடு சுவரும் வந்தது,
ஒரு தேசிக்காய் அளவு.

கேதீசன் அந்தப் பூச்சை நிமிண்டி
நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"கடல் மண். கரிக்குது."
கட்டினவர் கண்ணுக்கு முன்னால் கிடந்த கடலைச்
சும்மா விடவில்லை.
மலையின் பெயரைக் கேட்டபோதே
எங்களுக்கு விளங்கியிருக்க வேணும்.

பிறகு எல்லாச் சனிக்கிழமையும் சீமெந்துதான்.
பொக்கையை அடைத்தால் பக்கத்தில் வெடிப்பு,
வெடிப்பைப் பூசினால் மேலே ஈரம்.
இளம்பச்சை என்று வாங்கிய பெயின்ற்
காய்ந்த பிறகு பார்த்தால்
நான் இரவிரவாய் நிற்கிற ஐந்தாம் வார்ட்டின் நிறம்.
குசினிக்குள் போனால்
யாரோ சேலைன் முடிஞ்சுது என்று கூப்பிடுவதுபோல் இருக்கும்.
மஞ்சள் வாங்கி மேலே அடித்தோம்.
பிரிட்ஜுக்குப் பின்னால் மட்டும் மஞ்சள் காணவில்லை;
வார்ட் இன்னும் அங்கே இருக்கிறது.

குளியலறைச் சீமெந்தில் மூன்று தடங்கள்,
ஈரம் காயுமுன்னே நடந்துபோன ஒரு காகம்.
டைல்ஸ் பதிக்க வந்த நஸ்மி கேட்டார்:
"இதையும் மூடவா?"
இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.
ஏனென்று அவரும் கேட்கவில்லை,
எங்களுக்கும் தெரியாது.

வளவு முழுக்கக் கல்.
அலவாங்கு விழுந்த இடத்தில் பொறி பறந்தது.
கன்னியாப் பக்கமிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் மண்,
கோமயம் மணக்கும் நாலு சாக்கு.
கிணறு உவர் என்பதால்
குழாய்த் தண்ணீரை, பில்லை நினைத்து நினைத்து,
கோப்பையால் ஊற்றினேன்.
கச்சான் அடித்த ஒரு மாதம்
கத்தரி தலை நிமிரவேயில்லை.
பயிற்றை மட்டும் பிடிவாதமாய்ப் பந்தலேறி
ஊதாவாய்ப் பூத்தது.

பூத்த மூன்றாம் நாள் காலை
பந்தல் இருந்தது, பயிற்றை இல்லை.
மண்ணில் குளம்படி.
கோட்டையடி மான்கள் இவ்வளவு தூரம் ஏறி வருமென்று
வீடு விற்றவர் சொல்லவில்லை.

திருக்கடலூரில் கழித்துப்போட்ட மீன்வலை ஒன்றை
முந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்து
வேலி முழுக்கக் கட்டினான் கேதீசன்.
அன்று என் ஓய்வு இரவு.
மூன்று மணிக்கு வேலி முழுவதும் குலுங்கியது.
டோர்ச் வெளிச்சத்தில்
கொம்பு வலைக்குள், வலை கழுத்துக்குள்,
ஒரு கலைமான் எங்களையே பார்த்தபடி
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

நான் கட்டு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன்.
அவன் சாரத்தால் அதன் கண்ணை மூடிப் பிடித்தான்.
கையில் உதைபட்டேன்,
"அசையாதை ராசா" என்று
வார்ட்டில் சொல்வதையே சொன்னேன்.
கடைசி நூல் அறுந்ததும்
கத்தரி முழுவதையும் மிதித்துக்கொண்டு பாய்ந்தது,
நன்றி ஒன்றும் இல்லை.

வங்கிப் படிவத்திலும் சரி,
அம்மாவோடு ஃபோனிலும் சரி,
அதுவரை "அந்த வீடு" என்றுதான் சொல்லி வந்தோம்.
வாடகைக்காரரின் நாக்கு
லேசில் திரும்பாது.

ஐப்பசி முதல் மழையில்
பஸ் நிலையத்தின் அருகே நின்றோம்.
குப்பைத் தொட்டியில் முகம் புதைத்திருந்த மான்
தலை தூக்கியது.
இடது கொம்பில்
ஒரு சாண் பச்சை வலை.

"அங்கை பார்," என்றான்,
"எங்கட வேலி!"

கிண்ணியா பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம்
திரும்பிப் பார்த்தது.
எனக்கு மறுபடியும் பயிற்றை போட வேணும்போல் இருந்தது.
மிச்ச வலை சுருட்டி மாட்டியிருக்கிறது,
கூடத்துச் சுவரில்,
இரண்டாவது ஆணியில்.