மேற்படி நபர்

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம்.
இருநூற்றைம்பது எழுத்துக்குள்
தேவையை விளக்குக.

வெர்லா முதலில் தங்கையின் பெயரை அடித்தாள்.
ஷேலீ ஃபாஸ்ட்ஹார்ஸ்.
ஆங்கிலத்தில் இடைவெளியோடு பதினேழு.
மீதி இருநூற்று முப்பத்து மூன்றில்
பெட்ரோல் பங்க், பனி,
ஒற்றைக் காதில் போட்டிருந்த பாசிமணிக் கம்மல்
எதுவும் அடங்கவில்லை.
அழித்தாள்.
மேற்படி பகுதியில் காணாமற்போவோர்
விகிதாசாரத்துக்கு மீறி அதிகம்
என்று எழுதி அனுப்பினாள்.

காணாமற்போனாள் என்றால்
அவளாகவே எழுந்து எங்கோ போனதுபோல் இருக்கிறது.
வினைச்சொல்லைத் திருத்தப்
படிவத்தில் வழியில்லை.

முள்கம்பிக்கு இந்தப் பக்கம் எங்கள் போலீஸ்,
அந்தப் பக்கம் கவுண்ட்டி ஷெரிஃப்.
கம்பியில் சிக்கியிருந்த சட்டைத் துணி
மூன்று மாதம் யார் எல்லையிலும் இல்லை.
அப்புறம் காற்று எடுத்துக்கொண்டது.

அக்டோபரில் பணம் வந்தது.
குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே வந்தது.
ஒரு ட்ரோன்.
ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டாண்டுச் சம்பளம்,
(வெர்லாதான். வேறு யாரும் கேட்கவில்லை.)
பிணவாடை அறியும் நாய், நாள் வாடகைக்கு.
உணவுக்குச் செலவிடக் கூடாது என்று
தடித்த எழுத்தில் ஒரு நிபந்தனை.
ஆகவே சனிக்கிழமைகளில்
மான்கறிச் சூப்பைத் தூக்கி வந்தவர்கள்
எந்தக் கணக்கிலும் சேராத பெண்கள்.

ட்ரோன் ஓட்டுவது நான்.
அதற்குமுன் பண்ணைகளில் மாடு எண்ணினேன்.
மேலிருந்து பார்த்தால்
மொன்டானாவில் ஒளிக்க இடமே இல்லை என்று தோன்றும்.
இறங்கி நடந்தால் தெரியும்.

மார்ச்சில் பனி இளகியபோது
ஓடைக்கரைக் காட்டன்வுட் மரத்தடியில்
நாய் குரைக்கவில்லை, உட்கார்ந்தது.
அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

சேற்றில் ஒரு பூட்ஸ்.
ஆண்பிள்ளை பூட்ஸ், பதினோராம் அளவு.
வெர்லா முட்டிபோட்டு
அந்த அளவை இரண்டு முறை படித்தாள்.
அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
அன்று திரும்பும்வரை யாரும் பேசவில்லை,
நாய்க்காரர்கூட.

ஜூனில் பெயர் வந்தது.
ஆர்லோ ரெட்வில்லோ, வயது நாற்பத்தொன்று,
அடுத்த ரிசர்வேஷன்.
எங்கள் பட்டியலில் இல்லை. யார் பட்டியலிலும் இல்லை.
அவன் அக்கா இருமுறை புகார் கொடுத்தாளாம்.
எங்காவது குடித்துக் கிடப்பான், வந்துவிடுவான் என்று
இருமுறையும் சொன்னார்களாம்.

அரையாண்டு அறிக்கை.
பட்டியலிலுள்ளோர்: நான்கு.
அவர்களில் கண்டறியப்பட்டோர்:
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
கீழே பிற என்று ஒரு கட்டம் உண்டு.
போட்டுவிடு என்றேன்.
அவன் பிற இல்லை என்றாள் வெர்லா.
மேல் கட்டத்திலேயே ஒன்று என்று போட்டாள்.

வாஷிங்டனிலிருந்து பதில்:
மேற்படி எண் பட்டியலோடு பொருந்தவில்லை,
இருநூற்றைம்பது எழுத்துக்குள் விளக்கவும்.

ஆர்லோ ரெட்வில்லோ என்று அடித்தாள்.
பதினான்கு.
மீதியைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை
முன்விளக்கு உடைந்த பிக்கப்பில்
இருநூறு மைல் கடந்து அவன் அக்கா வந்தாள்.
சூப்பு கொண்டுவருவாள் என்று நினைத்தோம்.
வெறுங்கையோடு இறங்கி,
எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டாள்.
வரிசையில் எனக்கு இடப்பக்கம் இடம்விட்டோம்.

பேட்டரி இருபத்தெட்டு நிமிடம்தான் தாங்கும்.
இயந்திரத்தை மேலே ஏற்றினேன்.
கம்மல் எந்தக் காதில் என்று கேட்டாள் அவள்.
வலது, என்றாள் வெர்லா.
நாலடி நடந்து நின்றாள்.
இல்லை,
போட்டோவில் வலப்பக்கம் தெரியும்.
அவளுக்கு இடது.