மூன்று செட் பற்களோடு மலையேறுதல்

சாவியைத் திருகியதும் ஒரு பெண் பேசுவாள்
ஜப்பானிய மொழியில், மிகுந்த மரியாதையோடு.
ஆறு வருடமாக அவள் சொல்வது என்னவென்று
எனக்கும் தெரியாது,
இந்த சுபாருவை என் தலையில் கட்டிய
ருஸ்தாவி சந்தைக்காரனுக்கும் தெரியாது.
"ஆகட்டும் தாயே" என்று ஜார்ஜிய மொழியில் சொல்லிவிட்டு
கியரைப் போடுவேன்.

ஸ்டியரிங் வலப்பக்கம்.
நாடே இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறது.
நான் மட்டும் பள்ளத்தாக்கின் விளிம்பில்.
கண்ணாடியை இறக்கி முழங்கையை வைத்தால்
முழங்கைக்குக் கீழே எங்குரி ஆறு.
இடையில் ஒன்றுமில்லை,
காற்றும், கொஞ்சம் துருவேறிய தகரத் தடுப்பும்.

பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு அட்டைப்பெட்டி.
சுக்தீதியில் என் பட்டறையில் நேற்றிரவு மெருகேற்றிய
மூன்று செட் பற்கள்.
ஒன்று மெஸ்தியா தபால்காரருக்கு.
ஒன்று தேன் விற்கும் லமாராவுக்கு.
"முன்னால் ஒரு சந்து விட்டு வை,
இல்லையென்றால் என் மாடுகளுக்கு
என்னை அடையாளம் தெரியாது" என்றவள்.
மூன்றாமவர் பெயர் வேண்டாம்,
இன்னும் பாதிப் பணம் பாக்கி.

நேர்ச்சாலையில் மூன்று வாயும் மௌனம்.
முதல் கொண்டை ஊசி வளைவில்
ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்
கடகட கடகடவென்று.

இரண்டாம் கியர்.
வளைவுக்குள் நுழையும் முன்பே
கண் வெளியே போய்விட வேண்டும்.
கை அதன் பின்னாலேயே வரும்.
நேற்றைய மழை இறக்கிவிட்டுப் போன சரளையில்
பின்சக்கரம் ஒன்று நழுவுகிறது.
காதுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிடும் அது.
குடித்துவிட்டு வந்த அண்ணனை
மற்ற மூவரும் ஒரு வார்த்தை பேசாமல்
தோள் கொடுத்துப் படுக்கையில் சேர்ப்பதுபோல
மீதி மூன்று சக்கரமும் பிடித்துக்கொள்கின்றன.
யானைக்கும் அடி சறுக்கும்.
இதற்கும் சறுக்கும்,
ஊருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு.
என் வீட்டு மாடிப்படியில்
இடக்காலை வைத்து, நின்று,
வலக்காலைக் கூப்பிடுகிறவள் நான்.
இங்கே ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் போதும்,
நாலு கால் பாய்ச்சல்.

அப்புறம் வந்தது வைக்கோல் ஏற்றிய காமாஸ் லாரி.
வலப்பக்கம் உட்கார்ந்தவளுக்கு
முன்னால் தெரிவது வைக்கோல்,
அதற்கு முன்னாலும் வைக்கோல்.

முன்பெல்லாம் இடப்பக்கத்தில் மேராப் இருப்பான்.
தலையை நீட்டிப் பார்த்து
"போ" என்பான், அல்லது "பொறு" என்பான்.
அந்த இரண்டு சொல்லை வைத்தே
நான்கு வருடம் ஓட்டினோம், வண்டியையும் மற்றதையும்.
இப்போது பத்தூமியில் ஒருத்தியோடு இருக்கிறான்.
கடற்கரைச் சாலை. நேராகப் போகுமாம்.
போகட்டும்.
எனக்குக் குறைவது அந்த இரண்டு சொல் மட்டும்.

பெட்டியைப் பார்த்தேன்.
மூன்று வாய் இருந்தென்ன,
ஒன்றுகூட "போ" என்று சொல்லவில்லை.

ஒன்பது வளைவு வைக்கோல் தூசியைத் தின்றேன்.
பத்தாவதில், லாரியின் ஜன்னலிலிருந்து
ஒரு கை வெளியே வந்தது.
விரலிடுக்கில் சிகரெட்.
இரண்டு முறை முன்னால் அசைந்தது.

முகம் தெரியாத கை.
நம்பினேன்.

நான்கு சக்கரமும் ஒரே மூச்சில் தாரைக் கடித்தன,
பற்கள் கூச்சலிட்டன, நானும்தான்,
வைக்கோல் முடிந்து வானம் திறந்தது.
கடக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன்,
சிரித்துக்கொண்டிருந்தான்.
மேல்தாடையில் முன்பல் இரண்டு இல்லை.
ஹாரன் அடித்தேன், நன்றிக்கு.
முகவரி கேட்டிருக்கலாம்.

மெஸ்தியா வந்தது.
தபால்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்
வாயை இறுக மூடிக்கொண்டு, கை மட்டும் உயர்த்தி.
கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனேன்.

மறதி இல்லை.
மேலே இன்னும் நான்கு வளைவு இருந்தது.