ஏழாவது வரிசை

குறும்பனை ஊர்மண்டபம்.
மாவட்டத்திலிருந்து வந்த சுகாதாரத் திட்டத் தாளில்
ஒன்பது வரிசை, மூன்று கட்டம்:
பிரச்சினை, செய்ய வேண்டியது, பொறுப்பாளர்.
மூன்றாம் கட்டம் முழுக்க வெள்ளை.
எழுதுகிற பேனா என்னுடையது.
கிராமச் செவிலி என்றால்
எந்த ஊரிலும் பேனா அவளுடையதுதான்.

தலைவர் யார் என்பதற்கே
இரண்டு சுற்று சாயா முடிந்தது.
விசைப்படகுச் சங்கமா, பங்குப் பேரவையா,
வார்டு உறுப்பினரா.
கடைசியில் ததேயுஸ்.
மூன்று படகுக்காரர்.
மண்டபத்து மின்விசிறி ஐந்தும் அவர் உபயம்;
றெக்கையில் பெயர் இருக்கிறது,
ஓடும்போது வாசிக்க முடியாது.

பிறகு சரசரவென்று நிரம்பியது.
ஆழ்கடல் போகிறவர்களுக்கு
நாற்பது நாள் பிரஷர் மாத்திரை கட்டிக்கொடுக்க
கிளீட்டஸ் ஸ்ராங்கு.
சர்க்கரை பார்க்க மெட்டில்டா டீச்சர்.
கொசுவுக்கு இளைஞர் மன்றம், கைதட்டலோடு.

ஏழாவது வரிசை:
குருசடிக் கிணறு.
வயிற்றோட்டம், மூன்று மாதத்தில் முப்பத்தொரு பேர்.
கழிவுக்குழிகளை ஐம்பதடிக்கு அப்பால் தள்ள வேண்டும்.
பொறுப்பாளர்?

மின்விசிறிச் சத்தம் திடீரெனப் பெரிதாகக் கேட்டது.
ஒருவர் செல்போனைப் பார்த்தார்.
ஒருவர், பஞ்சாயத்துக்கு எழுதலாமே என்றார்.
முன்பு எழுதிய மூன்று கடிதங்களின் நகலும்
என் பையில் இருந்தன. எடுக்கவில்லை.
கிணற்றுக்குப் பதினோரடியில்
யாருடைய குழி என்று
அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

சருவத்தைக் காலடியில் வைத்திருந்த பிரகாசி
கருங்கல் சந்தைக்கு நேரமாச்சு என்று எழுந்தாள்.
எழுந்தவள்,
"தலைவருக்க பேரயே எழுது பிள்ளே.
அவியளுக்க குழிதான் கிட்ட கெடக்கு,
நடக்கவும் தூரமில்லேல்லா" என்றாள்.

சிரிப்பு வந்தது, வந்த வழியே போனது.
ததேயுஸ் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்,
தொண்டையைச் செருமினார்,
"எழுதும் சிஸ்டரே" என்றார்.

மறுத்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்
என்று இப்போதும் எனக்குத் தெரியாது.
என் பேனா அதுவரை
'த' என்ற எழுத்துவரைதான் துணிந்திருந்தது.

இன்று வெள்ளி, சாயந்திரம்,
யாரும் கூப்பிடாமல்
அளவு டேப்போடு வந்து நிற்கிறார்.
தெற்கிலிருந்து தொடங்கினோம்.
சில்வெஸ்டர் வீடு, முப்பத்தெட்டு அடி.
அடுத்த வீட்டில் ஆளில்லை,
மதிலுக்கு மேலாக அளந்தோம், நாற்பத்தொன்று.
லில்லிபாய் வாசலில் சண்டை:
"முதல்ல ஒமக்க வீட்ட அளவும் ஓய்!"
அவர் வாய் திறக்கவில்லை.
இருபத்தாறு என்று எழுதிக்கொண்டேன்.
நாலாவது, முப்பது.

திருந்தாதி மணி அடிக்கிறது.
ஐந்தாவது வீடு அவருடையது.
புதுப் பெயின்ட், கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்தி,
குழி மூடியின் மேல் பழைய வலை ஒரு குவியல்.

டேப்பின் ஒரு முனை
கிணற்றுச் சுவரில், என் கட்டைவிரலுக்குக் கீழே.
மறுமுனையைப் பிடித்தபடி
வலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
நடுவில் தொய்ந்து
கடல்காற்றில் படபடக்கிறது டேப்பு.

நான் விரலை எடுக்கவில்லை.