காரணம்: பறவை

மாலை நாலு பத்துக்கு
புதுவயல் மில் ஃபீடர் ட்ரிப் ஆனது.
அரைத்துக்கொண்டிருந்த மில்லெல்லாம் வாய் மூட
தவிட்டு வாசனை மட்டும்
தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீசுக்கு எதிரிலேயே, ஏழாம் நம்பர் டி.பி. கம்பம்.
அடியில் ஒரு காகம், கருகி.
உச்சியில் கூடு.
இறக்கினேன்.
சுள்ளி பாதி, இரும்பு பாதி.
சாக்குத் தைத்த கம்பி, உடைந்த ஹேங்கர்,
நடுவே பளபளவென்று
விரல்நீளத் தாமிரம்.
அந்த நறுக்கை எனக்குத் தெரியும்.
ஃபியூஸ் கட்டிவிட்டு மிச்சத்தை வெட்டிக்
கீழே போடுகிறவன் நான்தான்,
பதினோரு வருஷமாக.

உள்ளே ஒன்று மட்டும் உயிரோடு.
இறகு இன்னும் முள்முள்ளாக.
வாயைத் திறந்தது.
பேனலில் எரியும் சிவப்பு விளக்கை
இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
தடை, ஐம்பத்திரண்டு நிமிடம். காரணம்: பறவை.
பக்கத்தில் மல்லாத்திப் போட்ட என் மஞ்சள் ஹெல்மெட்டில்
காரணத்தின் பிள்ளை
கத்திக்கொண்டிருந்தது.

முதலில் பால் வாங்கி வந்தேன்.
கணக்குப் பார்க்கும் உமையாள் டம்ளரைப் பிடுங்கினார்.
"காக்கா என்ன கன்னுக்குட்டியா?"
தண்ணீரும் சொட்டக் கூடாதாம்.
நாக்குக்குப் பின்னால் ஒரு துளை,
மூச்சு அதில்தான்; ஒரு சொட்டு போதும்.
அவித்த முட்டையின் மஞ்சள்,
ஊறிய பொட்டுக்கடலை,
மில் மூட்டையில் பொறுக்கிய புழு.
தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு
அதன் முனையில் வைத்து
அரைமணிக்கு ஒரு தடவை.
நடுவில் ஃபோன்: "கரண்டு எப்பங்க வரும்?"
ஃபோனை வைத்தால் அது கத்தும்.
அதை அடக்கினால் ஃபோன்.

மூன்றாம் ராத்திரி கோடை மழை.
குஞ்சு நடுங்கியது.
நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று கிடைத்தால் போதும்.
ஊர் முழுக்க எல்.இ.டி.,
வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது.
மின்வாரியத்து ஆள் பல்புக்காக
பிராய்லர் கடை யாகப்பனிடம் போய் நின்றேன்.
எதற்கென்று கேட்டான், சொன்னேன்.
சிரிக்கவில்லை.
பல்போடு ஒரு பொட்டலம் ஈரலும் தந்தான்.

மாட்டிப் பத்து நிமிடம் இருக்கும்.
இடி.
கரண்டு போனது.
ஊருக்கெல்லாம் சொல்வதை
குஞ்சிடமும் சொன்னேன்:
ஆள் போயிருக்காங்க, பார்த்துக்கிட்டிருக்காங்க.
போக வேண்டிய ஆள் நான்.
பனியனுக்குள் அதை விட்டு
மேலே மழைக்கோட்டு.
கம்பம் ஏறியது சேவுகன்,
நான் டார்ச் பிடித்தேன்.
விடியும்வரை விலாவில்
நகம் கீறிக்கொண்டே இருந்தது.
கீறல் நின்றபோதெல்லாம்
டார்ச் ஆடியது.
"அண்ணே, வெளிச்சம்!" என்று
மேலிருந்து திட்டினான்.

மற்றக் காகங்கள் என்னை மறக்கவில்லை.
பத்துப் பேர் நடுவே போனாலும் என் உச்சிதான்.
ஹெல்மெட்டோ வேறொருவர் வசம்.
கொத்து வாங்கிக்கொண்டேன்.

வைகாசிக் கடைசியில்
சுவரிலிருந்து எழும்பியது.
வேம்பு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.
நேரே போய் உட்கார்ந்தது
ஏழாம் நம்பர் கம்பத்தில்,
இன்சுலேட்டருக்கு ஒரு சாண் தள்ளி.

சப்ஸ்டேஷனுக்கு அடித்தேன்.
"மில் ஃபீடரை இறக்குங்க. உடனே."
"கம்பத்துல யாரு?"
"நம்ம ஆளு."

மில்கள் நின்றன.
அது இடது சிறகைக் கோதியது.
வலது சிறகைக் கோதியது.
கம்பியில் அலகைத் தீட்டியது.
பிறகு அந்தப் பக்கம் எங்கோ.

தடை, ஏழு நிமிடம். காரணம்: பறவை.
எழுதி முடிக்குமுன் மில்லிலிருந்து சுப. வயிரவன்:
"மறுபடியும் காக்காவா? செத்துருச்சா?"
"இல்லீங்க" என்றேன்.
கால்சட்டைப் பையில்
காலையில் வெட்டிய ஃபியூஸ் நறுக்கு
தொடையில் குத்திக்கொண்டிருந்தது.