மீன் இல்லாத முப்பத்தெட்டு நாள்

தண்ணீர் ஊற்றும் முன்பே
கீழ்வீட்டு ஷெபெஸ்தோவா வந்து நின்றார்,
கையில் கட்டடத்தின் பழைய வரைபடம்.
"நூற்றுப்பன்னிரண்டு லிட்டர்.
அப்புறம் மணல், கல், கண்ணாடி.
எல்லாம் என் தலைக்கு நேர் மேலே."
சுவரோரம்தான் வைக்கிறேன் என்றேன்.
ரசமட்டத்தின் குமிழி
நடுவில் நிற்பதைக் காட்டினேன்.
அவர் குமிழியைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தார்,
டிராம் ஓட்டுகிறவளுக்குத்
தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று.

கறுப்பு மண் முதலில். அதன்மேல் மணல்.
முன்னால் இரண்டு விரல், பின்னால் ஐந்து.
சரிவு இருந்தால்தான் தூரம் தெரியுமாம்.
எண்பது சென்டிமீட்டருக்குள்
ஒரு தூரத்தைச் செய்யப் பார்த்தேன்.
சூப் தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினேன்,
மண் விழித்துக்கொள்ளாதபடி.

கட்டை மட்டும் அடங்கவில்லை.
அழுத்தினால் மூழ்கும், விட்டால் எழும்.
ஹினெக் வெள்ளரி ஊறுகாய் ஜாடியில்
கூழாங்கல் நிரப்பி
அதன் முதுகில் உட்காரவைத்தான்.
இரண்டு வாரம் எங்கள் காட்டின்
மிக உயரமான மரம் அந்த ஜாடிதான்.

இடுக்கியால் ஒன்றை நட்டால்
பக்கத்தில் ஒன்று பிடுங்கிக்கொண்டு மேலே வரும்.
மணி ஒன்றரை.
நாலு பத்துக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
வெளியே பிர்னோ முழுக்கப் பனி.
முழங்கைவரை ஈரத்தோடு
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று
நின்றுகொண்டிருந்தேன்.

"மீன் எங்கே?"
ஹினெக் கேட்டான். அவன் அண்ணன் போஷெக் கேட்டான்.
மீட்டர் படிக்க வந்த பெண்
கண்ணாடியில் மூக்கை வைத்துக் கேட்டாள்.
வரும்.
எப்போது?
தண்ணீர் பழகட்டும்.
தண்ணீர் எதற்குப் பழக வேண்டும்?

சோதனைக் குழாயில் ஐந்து துளி விட்டேன்.
பச்சை. அப்படியென்றால் விஷம்.
வடிகட்டியின் பஞ்சுக்குள்ளே
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்
இப்போதுதான் குடிவருகிறது.
அவர்கள் அடுப்புப் பற்றவைக்காமல்
விருந்தாளியை எப்படிக் கூப்பிடுவது?

ஒன்பதாம் நாள்
கிரிப்டோகொரைன் கரைந்தது.
வாடவில்லை. கரைந்தது,
தண்ணீரில் மறந்துவிட்ட சோப்பைப் போல.
கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார்:
இடம் மாற்றினால் இலையை விட்டுவிடும்,
நீ வேரை விட்டுவிடாதே.
"குச்சிக்கு வெளிச்சம் போடுகிறாய்,
தினமும் ஆறு மணி நேரம்"
என்று ஹினெக் மின்கட்டணத்தை மடித்தான்.
ஆமாம், போட்டேன்.

படிக்கட்டில் ஷெபெஸ்தோவா:
"ஒழுகுகிறதா?"
"இல்லை."
மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
டார்ச்சோடு மேலேயே வந்துவிட்டார்.
மூலைகளைத் தடவினார். கம்பளத்தை மோந்து பார்த்தார்.
பிறகு, "இது யார்?"

நத்தை.
ஏதோ இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு
டிக்கெட் எடுக்காமல் ஏறியிருக்கிறது,
கடுகளவு.
என் வண்டியில் என்றால்
பரிசோதகர் பிடித்து இறக்கியிருப்பார்.
ஷெபெஸ்தோவா நாற்காலியை இழுத்துப்போட்டு
அது கண்ணாடியின் பழுப்புப் பாசியில்
ஒரு தீப்பெட்டி நீளம் கடப்பதற்குள்
இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார்.
தண்ணீரும் கட்டையின் சாயம் இறங்கி
அதே நிறத்தில் இருந்தது.

அதன்பிறகு படிக்கட்டில்
ஒழுகுகிறதா என்பது இல்லை.
"அந்த மொட்டைச் செடி?"
"ஒரு இலை. சுருண்டிருக்கிறது,
பென்சில் முனை மாதிரி."
"எந்தப் பக்கம்?"
"ஜன்னல் பக்கம்."
தலையசைத்துவிட்டு இறங்குவார்,
எங்கோ குறித்துவைப்பதுபோல்.

இன்று குழாயில் மஞ்சள்.
நேற்றும் மஞ்சள்தான், சொல்லவில்லை.
கடை ஆறு மணிக்கு மூடும்.
ஹினெக் கோட்டுப் போட்டு
வாசலில் நிற்கிறான், சாவியை ஆட்டிக்கொண்டு.
நான் கையுறையைத் தேடுகிறேன்,
கையுறை பாக்கெட்டில்தான் இருக்கிறது.
விரிந்த இலையின் விளிம்பிலிருந்து
ஒரு குமிழி விட்டு மேலே போகிறது.
அதன் பின்னால் இன்னொன்று.
அவற்றுக்கு வழி விட
அங்கே இன்னும் யாரும் இல்லை.

இரண்டாம் மாடியில் கதவு திறக்கிறது.
செருப்பில்லாத காலோடு ஷெபெஸ்தோவா,
கைப்பிடியில் சாய்ந்து, ரகசியம் போல:
"விலாஸ்தா,
நத்தையைத் தின்னாத மீனாகப் பார்."