பதிப்பு இரண்டு புள்ளி நாலு

சித்திரையில் நான்தான் அந்தக் கோட்டைப் போட்டேன்.
திசையன்விளை தாண்டித் தருவைக்குள் குறுக்கே, ஸ்கூட்டரில்.
பாளம் பாளமாக வெடித்த களி, காய்ந்த நத்தைகள்,
எட்டு கிலோமீட்டர் மிச்சம்.

கார்த்திகையில் லூர்துமணியின் லோடு ஆட்டோ
இருபது மூட்டை கோழித்தீவனத்தோடு
அதே கோட்டில் இறங்கியது.
இஞ்சினுக்குள் தண்ணீர் போன பிறகும்
'நேராகச் செல்லவும்' என்றதாம் செயலி.

அவர் திட்டவில்லை.
"ஏம்மா, ஒங்க மேப்புக்கு மாசம் தெரியாதோ?"

சேர்த்தேன். ஐப்பசி முதல் மாசி வரை
கோடு தானே மறைந்துகொள்ளும்.
ஆடிக் காற்றில் இடம் மாறும் தேரி மேட்டுக்குக்
கோடே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.
டவர் கிடைக்காத உடங்காட்டிலும் திறக்கும்படி செய்ய
மூன்று ராத்திரி போயிற்று.

மறு கார்த்திகையில் மறுபடி போன்.
"சுத்திப் போகச் சொல்லுது.
இந்த வருசம் எங்கம்மா மழை?
நான் நேராத்தான் வந்தேன்,
புழுதி பறக்குது."

மாதத்தை அழித்துவிட்டு
வெறும் ஒரு பெட்டி வைத்தேன், அவர் பெயரில்.

மார்கழி பிறந்த பிறகு பெய்தது.
தினமும் கருக்கலில் ஒரு சொல் வந்து விழுகிறது.
நேற்று: 'கரண்டை.'
இன்று: 'முட்டு. கோட்ட எடுத்துரும்மா.'